கட்டணமே இல்லாத மொட்டைமாடித் தோட்டத்துக்கு 108 பவுண்டு கட்டினேன்: லண்டன் செல்வோர் கவனத்துக்கு

கடந்த சனிக்கிழமை, லண்டனில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏறிப் பார்க்கக்கூடிய ஒரு மொட்டைமாடித் தோட்டத்துக்கு, நான்கு பேருக்கான நுழைவுச்சீட்டு என்ற பெயரில் 108 பவுண்டைப் பறிகொடுத்தேன். சீட்டின் விலை அதிகம் என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தோட்டத்துக்குச் சீட்டு என்று ஒன்றே கிடையாது. கிடையாத ஒன்றின்மேல் தேதி, நேரம், எங்கள் நால்வரின் பெயர், ஒரு க்யூஆர் குறியீடு எல்லாவற்றையும் அழகாகப் பதித்து எனக்கு விற்றிருக்கிறார்கள். நடந்து மூன்று நாள்தான் ஆகிறது; கோபம் இன்னும் ஆறவில்லை, ஆகவே சொற்கள் எங்காவது கூர்மையாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தின் வடபகுதியில். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் மூன்று வாரம் தங்க வந்திருந்தார்கள். லண்டனுக்கு ஒரே நாள்தான் ஒதுக்க முடிந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் அதிகம் நடக்காமல், ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே நகரம் முழுவதையும் பார்க்க ஏதாவது வழி உண்டா என்று தேடினேன். முதலில் நினைத்தது ஃபென்சர்ச் தெரு 20ஆம் எண் கட்டடத்தின் உச்சியில், 2015 ஜனவரியில் திறக்கப்பட்ட ஸ்கை கார்டன். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி வழங்கப்பட்டபோதே உச்சியில் பொதுமக்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது பேச்சாக இருந்ததால், அங்கே பார்வையாளர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் முன்பதிவு வேண்டும். இலவசச் சீட்டுகளைத் திங்கட்கிழமைகளில் வெளியிடுகிறார்கள். நான் பார்த்தபோது எங்கள் சனிக்கிழமைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்து, அதே தெருவில் சற்றுத் தள்ளி 120ஆம் எண் கட்டடத்தின் 15ஆம் மாடியில் உள்ள ‘கார்டன் அட் 120’ பற்றித் தேடினேன். தேடல் முடிவில் முதல் வரியாக வந்தது, உலகம் முழுவதும் உள்ள சுற்றுலா இடங்களுக்குச் சீட்டு விற்கும் ஓர் இடைத்தரகு இணையதளத்தின் விளம்பரம். ‘விளம்பரம்’ என்ற சிறிய சொல் அதன் தலையில் இருந்ததை இப்போது திரும்பப் பார்க்கும்போதுதான் கவனிக்கிறேன். தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வழக்கு என்று வந்தால் அதற்குச் செலவழிக்க இன்னொரு 108 பவுண்டு என்னிடம் இல்லை.

அந்தப் பக்கத்தில் ‘முன்னுரிமை நுழைவு’ என்று போட்டிருந்தது. தலைக்கு 27 பவுண்டு. மேல் ஓரத்தில் நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும் ஒரு கடிகாரம். அதன் கீழே ‘இந்த விலையில் இன்னும் ஐந்து இடங்களே’ என்ற சிவப்பு வரி. இலவசத் தோட்டத்துக்கு எதற்காகப் பணம் என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை. எழுந்த கேள்விக்கு நானே ஒரு பதிலையும் தயார் செய்துகொண்டேன். கோயிலில் தர்ம தரிசனம் ஒரு வரிசை, கட்டணம் கட்டினால் சிறப்பு தரிசனம் இன்னொரு வரிசை என்று பார்த்தே வளர்ந்தவன் நான். இலவச இடத்துக்கும் பணம் கட்டிச் செல்லும் குறுக்குவழி ஒன்று இருக்கும் என்பது எனக்கு மிக இயல்பாகப் பட்டது. ஏமாற்றியவர்கள் அவர்கள்தான், ஆனால் அவர்கள் சொல்லாத பாதியை என் பழக்கம் இட்டு நிரப்பியது.

இருந்தும் உடனே பணம் கட்டிவிடவில்லை. அரட்டைப் பெட்டியில், எழுபது வயதைத் தாண்டிய என் தந்தையால் அதிக நேரம் நிற்க முடியாது, இந்தச் சீட்டு இருந்தால் வரிசையில் நிற்காமல் போகலாமா என்று கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் மிகுந்த கனிவோடு அம்மாவின் வயதையும் விசாரித்தார். எங்கள் பிரதிநிதி நேரில் வந்து உங்களை மின்தூக்கி வரை அழைத்துச் செல்வார், பெரியவர்களை நாங்கள் தனியாகக் கவனித்துக்கொள்வோம், கவலையே வேண்டாம் என்று எழுதினார். நான் விழுந்த இடம் அதுதான். கடிகாரமும் சிவப்பு வரியும் என்னை அசைக்கவில்லை. அம்மாவின் வயதைக் கேட்ட அந்த ஒரு கேள்வி அசைத்துவிட்டது. ஒரு நிமிடத்தில் 108 பவுண்டு கணக்கிலிருந்து போய்விட்டது.

சீட்டில் குறித்திருந்தபடி, மானுமென்ட் என்று அழைக்கப்படும் நினைவுத்தூணின் அடியில் காலை 11 மணிக்கு நின்றோம். 1666ஆம் ஆண்டின் பெருந்தீயை நினைவுகூரும் தூண் அது. உச்சிக்கு 311 படிகள் என்று படித்து அப்பா சிரித்தார். பிரதிநிதி வரவில்லை. 11.15 ஆயிற்று, 11.40 ஆயிற்று. சீட்டில் இருந்த எண்ணை அழைத்தால் இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார இடம் தேடி, கடைசியில் அப்பா தூணின் பீடத்து ஓரத்தில் சாய்ந்துகொண்டார். நிற்க முடியாதவரை நிற்கவிடாமல் அழைத்துச் செல்வதற்காகக் கட்டிய பணத்தின் பலன், அவர் நாற்பது நிமிடம் தெருவில் நின்றதுதான்.

பிறகு நாங்களே நடந்து தோட்டத்தின் வாசலுக்குப் போனோம். காவலரிடம் கைப்பேசியை நீட்டி, தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள், இந்தச் சீட்டு இன்னும் செல்லுமா என்று நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இங்கே சீட்டே கிடையாதே, முன்பதிவும் வேண்டாம், பையைச் சோதனைக்கு வைத்துவிட்டு மேலே போங்கள் என்றார். எங்களுக்கு முன்னால் ஆறு பேர்தான் நின்றார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். “அவர் சும்மாவே போகச் சொல்றாரே, நீ எதுக்குப்பா காசு கட்டினே?” என்று கேட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தியதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

தோட்டத்தின்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பந்தலில் படர்ந்த கொடி, தண்ணீர் ஓடும் ஒரு வாய்க்கால், உட்காரத் தாராளமாக இருக்கைகள். கீழே ஒடுங்கித் தலையில் விரிந்து நிற்கும் ஸ்கை கார்டன் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில். மறுபக்கம் வெள்ளரிக்காய் வடிவக் கட்டடம், ஆற்றுக்கு அப்பால் ஷார்ட் கோபுரம். அம்மா படம் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் வங்கிச் செயலியைத் திறந்து, அந்த 108 ‘நிலுவை’யில் இருக்கிறதா ‘செலுத்தப்பட்டது’ ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகிவிட்டிருந்தது. பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைத்திருந்தாலும் சட்னிக்காவது ஆகியிருக்கும்.

அன்று இரவே எழுதினேன். அவர்கள் பதில்களைத் தேதிவாரியாகப் படித்தால், ஒவ்வொன்றும் முந்தையதை மறுப்பது தெரியும். முதல் பதில், எங்கள் பிரதிநிதி சரியான நேரத்துக்கு வந்து காத்திருந்தார், நீங்கள்தான் வரவில்லை என்றது. தூணின் அடியில் நின்று எடுத்த படங்களை நேரத்தோடு அனுப்பினேன். இரண்டாவது பதில், இந்தச் சேவையில் பிரதிநிதி கிடையாது, நுழைவு மட்டுமே என்றது. நுழைவு இலவசமாயிற்றே என்று கேட்டேன். மூன்றாவது பதில், நீங்கள் கட்டியது நுழைவுக் கட்டணமல்ல, ஏற்பாட்டுக் கட்டணம் என்றது. என்ன ஏற்பாடு என்று கேட்டதற்கு, நீங்கள் தோட்டத்துக்குள் போனீர்களா இல்லையா, போனீர்கள் என்றால் சேவை நிறைவேறிவிட்டது என்று வந்தது. மூன்று வெவ்வேறு பெயர்களில் வந்த கடிதங்களிலும் ‘உங்கள் ஏமாற்றத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்’ என்ற வரி மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாமே என்று சட்டம் பேசிப் பார்த்தேன். 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளில், குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்குப் பதிவுகளுக்கு அந்த உரிமை இல்லை என்று உடனே பதில் வந்தது. இது மட்டும் உண்மை, நானும் சரிபார்த்தேன். பிரதிநிதியை அனுப்பத் தெரியாதவர்களுக்கு விதிவிலக்கு மட்டும் விரல்நுனியில் இருக்கிறது. கடைசியில், அடுத்த முறை எங்களிடம் வாங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு குறியீட்டை அனுப்பிவைத்து, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று அவர்களே அறிவித்துக்கொண்டார்கள்.

வங்கியிலும் நிம்மதி கிடைக்கவில்லை. டெபிட் கார்டில் கட்டியதால், பணத்தைத் திரும்பக் கோரும் ‘சார்ஜ்பேக்’ முறையில் விண்ணப்பித்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு காப்பாற்றியிருக்குமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அந்தப் பிரிவு உதவ விலை 100 பவுண்டைத் தாண்டியிருக்க வேண்டும்; 108 தாண்டுகிறதே என்று நானும் சற்று நேரம் வருந்தினேன். ஆனால் அந்தப் பிரிவு பார்ப்பது மொத்தத் தொகையை அல்ல, ஒரு பொருளின் விலையை. ஒரு சீட்டு 27 பவுண்டு என்பதால் அது நமக்கு எட்டாது. வங்கியில் பேசியவர், நீங்கள் தோட்டத்துக்குள் சென்றுவிட்டதால் விற்றவர் அதையே வாதமாக வைப்பார் என்று வேறு எச்சரித்தார். அதாவது, இலவசமாக உள்ளே விட்ட காவலரின் நல்ல மனமே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். கடிதங்களை மறுபடி படித்ததில் கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேடல் முடிவில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். அந்தந்தத் தோட்டத்தின் சொந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் நம்புங்கள். கார்டன் அட் 120க்குப் பதிவே வேண்டாம். ஸ்கை கார்டனுக்கும், 22 பிஷப்ஸ்கேட் கட்டடத்தின் 58ஆம் மாடியில் உள்ள ஹொரைசன் 22க்கும் பதிவு வேண்டும், பணம் வேண்டாம். பலத்த காற்றடித்தால் திறந்தவெளித் தோட்டங்களை மூடிவிடுவார்கள், அதற்கு எந்த முன்னுரிமைச் சீட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அரட்டையில் சொல்வதையெல்லாம் அப்போதே படமெடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, அந்த உரையாடல் இப்போது என் கணக்கிலேயே இல்லை.

இன்று மாலை அந்த விற்பனைப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஐந்து இடங்கள் அப்படியே மிச்சம் இருக்கின்றன. விலை மட்டும் தலைக்கு 29 பவுண்டு ஆகியிருக்கிறது.