சீலிங் ஒழுக்குக்கு மொட்டை மாடி கோட்டிங் என்றால் உஷார்: 38,500 ரூபாய் போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், இன்னொரு வீட்டில் இதே ஆட்கள் இதே வேலையைச் செய்வார்கள்.

சென்னையில் தாம்பரம் பக்கம் சொந்த வீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே நாங்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. ஏப்ரல் மாதம் அம்மாவின் அறையில் ஃபேன் மாட்டியிருக்கும் இடத்தைச் சுற்றி ஈரம் படர ஆரம்பித்தது. அப்புறம் பெயின்ட் உப்பியது, ஃபேன் பாக்ஸ் வழியாகவே தண்ணீர் சொட்டியது. ஷாக் அடித்துவிடுமோ என்று அந்த அறைக்குக் கரண்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு அம்மாவை ஹாலில் படுக்க வைத்தோம். வயதானவர், சித்திரை வெயில், ஏசி இல்லாத ஹால். அவசரம் புரிகிறதல்லவா?

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் "லீக் கண்டுபிடிப்பு நிபுணர்" என்று இருந்ததை புக் செய்தோம். வந்தவர் மரியாதையான ஆள். செருப்பை வாசலில் கழற்றினார், அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்தார். கையில் தெர்மல் கேமரா. சீலிங்கை நோக்கிப் பிடித்து எனக்குத் திரையைக் காட்டினார். பாதி சீலிங் நீலமாக இருந்தது. "பாருங்க சார், நீலமா இருக்கிறதெல்லாம் தண்ணி. மொட்டை மாடி ஓடு முழுக்க விட்டுப்போச்சு. இப்படியே விட்டா கம்பி துரு பிடிச்சு காங்கிரீட் கொட்டும்." அம்மா பயந்துபோய், "தம்பி, எப்படியாவது நிறுத்திக் கொடுப்பா" என்றார். "என் வீடு மாதிரி நினைச்சு செய்யறேன்மா, பத்து வருஷம் வாரண்டி" என்றார் அவர். அந்த வார்த்தையில்தான் அம்மா நிம்மதியானார். அம்மாவின் முகத்தைப் பார்த்து நானும் சரி என்றேன்.

மழையே இல்லையே, எங்கிருந்து தண்ணீர் என்று கேட்கத்தான் செய்தேன். "போன வருஷ மழைத் தண்ணி ஸ்லாபுக்குள்ள தேங்கி நிக்குது சார், வெயில்ல இப்ப இறங்குது" என்று பதில் தயாராக இருந்தது. கம்பி துரு பிடிக்கும் என்பது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்து மற்றதையெல்லாம் நம்ப வைத்துவிட்டார்.

மொட்டை மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃப் கோட்டிங், 38,500 ரூபாய். ஆப் வழியாகவே முழுத் தொகையும் கட்டினேன். இரண்டு பையன்கள் வந்து ஓடுகளைத் தேய்த்துக் கழுவி, ஒரே மதியத்தில் இரண்டு கோட் வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள். முதல் கோட் காய்ந்ததா என்றுகூட யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. போகும்போது, "கோட்டிங் செட் ஆகணும், ரெண்டு நாள் டேங்க் வால்வை மூடி வைங்க, கீழே இருக்கிற குழாயை யூஸ் பண்ணிக்கோங்க" என்றார்கள். மூடி வைத்தோம். சொட்டுவது நின்றது. நிபுணர் வந்து காய்ந்த சீலிங்கைப் போட்டோ எடுத்து, வேலை முடிந்தது என்று ஆப்பில் ஏற்றிவிட்டார்.

வால்வைத் திறந்த அன்று ராத்திரியே மறுபடி சொட்டியது.

அதற்கப்புறம்தான் அலைக்கழிப்பு. முதலில் அந்த ஆள் போனை எடுத்தார், "உள்ளே இருக்கிற ஈரம்தான் சார், வடிஞ்சிடும்" என்றார். பிறகு எடுக்கவே இல்லை. ஆப்பின் சாட்டில் ஒவ்வொரு தடவையும் புது ஆள் வருவார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். "உங்க கன்சர்ன் புரியுது சார்" என்பார்கள், கொஞ்ச நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வரும். என்ன தீர்ந்தது? சொட்டுக்கு அடியில் பக்கெட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்! கடைசியில் ஒரு பெண் வாரண்டி விதியைப் படித்துக் காட்டினார். கோட்டிங் உரிந்தால் மட்டும் வாரண்டியாம், ஒழுகினால் கிடையாதாம். இது "புது லீக்"காம், இன்னொரு தடவை பார்க்க இன்னொரு கட்டணமாம். 38,500 ரூபாய் வாங்கியது ஒழுக்கை நிறுத்தவா, ஓட்டுக்கு வெள்ளையடிக்கவா?

எங்கள் தெரு பிளம்பர் அண்ணன் ஊரிலிருந்து திரும்பியதும் வந்து பார்த்தார். கேமராவெல்லாம் இல்லை. ஈரத்தைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டார். டேங்கிலிருந்து பாத்ரூமுக்கு இறங்கும் லைனின் கேட் வால்வை மட்டும் மூடினார். சொட்டு நின்றது. திறந்தார். கோட்டைத் தாண்டி ஈரம் பரவியது. "மழைத் தண்ணிக்கு வால்வு ஏது? இது பைப்புதான்" என்றார். அந்த பைப் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓட்டுக்கு அடியில் புதைத்துப் போயிருக்கிறது. நாலு ஓடுகளைப் பெயர்த்தார், பைப் திரும்பும் இடத்தில் இருக்கும் எல்போ ஜாயின்ட்டில் விரிசல். அங்கே கசிந்த தண்ணீர், ஸ்லாபுக்குள் போகும் வயரிங் பைப்புக்குள் புகுந்து, அதன் வழியே ஓடி ஃபேன் பாக்ஸில் இறங்கியிருக்கிறது. சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை வேறொன்று. சாமான், கூலி, ஓடு பதிக்கிற சிமென்ட் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். இப்போது சீலிங் காய்ந்திருக்கிறது, வால்வு திறந்தே இருக்கிறது.

அந்த நீலம் என்னவென்றும் அப்புறம்தான் புரிந்தது. தெர்மல் கேமரா தண்ணீரைக் காட்டாது, மேற்பரப்பின் சூட்டு வித்தியாசத்தைத்தான் காட்டும். ஈரமான இடம் குளிர்ச்சியாக இருப்பதால் நீலமாகத் தெரியும், சரி. ஆனால் அந்த நிபுணர் கேமராவைப் பிடித்தபோது பக்கத்து அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கதவும் திறந்திருந்தது. குளிர்ந்த சீலிங் எல்லாமே நீலமாகத்தான் தெரியும். ஈரத்தை அளக்கும் ஈரமானியை வைத்து உறுதி செய்ய வேண்டும், அவரிடம் அது இல்லவே இல்லை. வால்வை மூடச் சொன்னது தெரிந்து செய்த வேலையா, தற்செயலா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒழுக்கு நின்றதற்குக் காரணம் அந்த வால்வு, கோட்டிங் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானது மட்டும்:

மழையில்லாத நாளிலும் சொட்டினால் முதலில் பைப்பைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு வால்வாக மூடி, சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். காசு செலவில்லை. மேல் வீட்டு பாத்ரூம் மேல் சந்தேகம் என்றால், தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டி வைக்கச் சொல்லுங்கள். ஃபேன் பக்கம் ஈரம் என்றால் கரண்டை நிறுத்தாமல் எதையும் தொடாதீர்கள்.

வாரண்டி என்றால் "ஒழுகினால்" என்ற வார்த்தை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆளை அனுப்பிவிடுங்கள்.

ஆப் கைவிரித்தால் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2020-ஆம் வருஷ மின்வணிக விதிகளின்படி இந்த மாதிரி தளங்கள் குறைதீர் அதிகாரி வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில், சாட், போட்டோ எதையும் அழிக்காதீர்கள்.

நான் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். பிளம்பர் அண்ணன் உடைந்த எல்போவைத் தூக்கிப் போடாமல் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். 38,500 ரூபாய் திரும்ப வராவிட்டால் அதோடு ஆணையத்துக்குப் போகிறேன்.