கோப்புறைகளை அம்சவாரியாகப் பிரித்த பிறகு

கடைக்காரர்கள் ஆர்டர்களையும் சரக்கு இருப்பையும் கவனித்துக்கொள்ளும் ஒரு வலைச் செயலியில் பயனர் கண்ணுக்குத் தெரியும் முகப்புப் பகுதி எங்கள் குழுவின் பொறுப்பு. திரைகளை உருவாக்கும் ரியாக்ட், பிழைகளை முன்பே காட்டும் டைப்ஸ்கிரிப்ட் மொழி, கோப்புகளைத் தொகுத்துத் தரும் வீட் ஆகியவற்றில் ஓடுகிறது. முதலில் கம்போனென்ட்களுக்கு (திரையின் துண்டுகள்) ஒரு கோப்புறை, ஹூக்குகளுக்கு (கம்போனென்ட்கள் பயன்படுத்தும் ரியாக்ட் செயற்கூறுகள்) ஒன்று, ஏபிஐ அழைப்புகளுக்கு (சர்வரிடம் தகவல் கேட்பவை) ஒன்று, எதிலும் சேராதவற்றுக்கு 'யூட்டில்ஸ்' என்று வகைவாரியாக இருந்தது. பிறகு ஆர்டர், ரிட்டர்ன், கூப்பன், இருப்பு என்று அம்சவாரியாக மாற்றினோம். இந்த அமைப்பில் சில ஆண்டுகள் வேலை பார்த்தாகிவிட்டது. பழையதற்குத் திரும்பும் எண்ணம் இல்லை.

கோப்பைத் தேடுவது எளிது என்றுதான் பலரும் இதைப் புகழ்வார்கள். எடிட்டரில் பெயரைத் தட்டினால் கோப்பு எங்கிருந்தாலும் வந்து நிற்கிறது. அதில் பெரிய லாபமில்லை. நீக்கும்போதுதான் அருமை தெரிந்தது. கூப்பன் வசதியே வேண்டாம் என்று வணிகப் பிரிவு முடிவெடுத்த அன்று, அந்தக் கோப்புறையை அப்படியே அழித்தேன். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் ரூட் பட்டியலிலும் பணம் செலுத்தும் பக்கத்திலும் மட்டும் டைப்ஸ்கிரிப்ட் பிழை காட்டியது. இரண்டையும் சரிசெய்ததும் வேலை முடிந்தது. பழைய அமைப்பாக இருந்தால், 'இதை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களோ' என்ற பயத்தில் பாதியை விட்டுவைத்திருப்போம்.

ஆனால் கோப்புறை பிரித்துவிட்டதால் மட்டும் இது நடந்துவிடாது. ஓர் அம்சம் இன்னோர் அம்சத்தின் உள்ளே கை நுழைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கோப்பது பக்கங்களின் வேலை. இதை ஆவணத்தில் எழுதிவைத்தால் அவசர நாளில் யாரும் படிப்பதில்லை. குறியீட்டைச் சோதிக்கும் ஈஎஸ்லின்ட்டில், ஒரு கோப்பு இன்னொன்றை எடுத்துக்கொள்ளும் இம்போர்ட் பாதைகளைத் தடுக்கும் விதி இருக்கிறது. அதைப் போட்டு, மீறினால் பில்ட் (வெளியீட்டுக்குத் தயார்செய்யும் வேலை) நின்றுபோகும்படி செய்த பிறகுதான் எல்லைகள் நிலைத்தன.

பிராட் ஃப்ராஸ்ட் 2013-இல் முன்வைத்த அட்டாமிக் டிசைன் முறையையும் இடையில் முயன்றோம். அணு, மூலக்கூறு, உயிரி என்று அளவை வைத்துக் கம்போனென்ட்களை அடுக்கும் முறை அது. வடிவமைப்பாளர்களோடு பேசுவதற்கு நல்ல சொற்கள். கோப்புறைப் பெயராக வைத்தால் தொல்லை. உள்ளீட்டுப் பெட்டியும் பட்டனும் சேர்ந்த தேடல் படிவம் மூலக்கூறு. அதில் வடிகட்டும் பட்டியல் ஒன்றைச் சேர்த்தால் அது இன்னும் மூலக்கூறுதானா, உயிரியாகிவிட்டதா? விவாதம் முடிந்து கோப்பை இடம் மாற்றினால் எல்லா இம்போர்ட்டும் மாறும். பயனருக்கோ ஒரு வித்தியாசமும் தெரியாது. குறியீட்டை அடுக்குகளாகப் பிரிக்கும் ஃபீச்சர்-ஸ்லைஸ்ட் டிசைன் முறையிலிருந்து, மேலடுக்கு கீழடுக்கை மட்டுமே அழைக்கலாம் என்ற விதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்ற அடுக்குகள் எங்கள் அளவுக்கு அதிகம்.

இன்றும் தலைவலி தருவது 'பொது' கோப்புறை. பட்டன், தேதி வடிவம், தொகையை 1,00,000 என்று லட்சக் கணக்கில் காட்டும் செயற்கூறு ஆகியவை அங்கே இருக்கத்தான் வேண்டும். 'ஆர்டர் கார்டு' அப்படியில்லை. ஆர்டர் பட்டியலிலும் ரிட்டர்ன் பட்டியலிலும் ஒரே மாதிரி தெரிந்ததால் பொதுவுக்குப் போயிற்று. பிறகு ரிட்டர்னில் விலை வேண்டாம் என்றார்கள், அதற்கு ஒரு ப்ராப் (கம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பு). காரணத்தைக் காட்டச் சொன்னார்கள், இன்னொன்று. மொபைலில் சுருக்கமாக வேண்டுமாம், மூன்றாவது. உள்ளே நிபந்தனைகள் பின்னிக்கொண்டு, ஆர்டருக்காகத் தொட்டால் ரிட்டர்ன் டெஸ்ட் விழுந்தது. கடைசியில் இரண்டு நகலாகப் பிரித்து, அவரவர் கோப்புறையில் போட்டோம். கொஞ்சம் குறியீடு இரட்டித்தது, ஆனால் இரண்டும் படிக்கும்படி ஆயின. இப்போதெல்லாம் மூன்றாவது இடத்தில் தேவைப்படும்வரை எதையும் பொதுவுக்கு அனுப்புவதில்லை.

உள்ளிருப்பவற்றை ஒரே இடத்திலிருந்து வெளியே தரும்படி அம்சத்தின் வாசலாக வைக்கும் இன்டெக்ஸ் கோப்பு, அதாவது பேரல், பற்றி எனக்கு இரண்டு மனம். வெளியே என்ன தெரியலாம் என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. அதே சமயம், ஒரு சிறு செயற்கூறை இம்போர்ட் செய்தாலும் அந்த வாசல் வழியே எல்லாக் கோப்புகளும் உள்ளே வருகின்றன. டெவலப்மென்ட்டில் வீட் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக அனுப்புவதால் பக்கம் திறக்கவே தாமதம். பேரலைத் தவிர்க்கும்படி வீட் ஆவணமே சொல்கிறது. அம்சத்துக்குள் இருக்கும் கோப்பு தன் சொந்த வாசலிலிருந்தே இம்போர்ட் செய்தால் கோப்புகள் ஒன்றையொன்று அழைக்கும் சுழற்சி வேறு உருவாகி, புரியாத பிழையில் போய் முடியும். அதனால் பொதுக் கோப்புறையில் பேரலை எடுத்துவிட்டோம். அம்சங்களுக்கு ஒரே ஒரு வாசல், உள்ளே இருப்பவை நேர்ப் பாதையில்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

மாற்றப்போகிறவர்களுக்கு இரண்டு சொல்லலாம். கோப்பை இடம் மாற்றுவதையும் உள்ளே திருத்துவதையும் ஒரே கமிட்டில் (ஒருமுறை பதிவாகும் மாற்றத் தொகுப்பு) செய்யாதீர்கள். குறியீட்டின் வரலாற்றை வைத்திருக்கும் கிட், பெயர் மாற்றத்தைத் தனியாகப் பதிவு செய்வதில்லை, உள்ளடக்க ஒற்றுமையை வைத்துத்தான் ஊகிக்கிறது. அதிகம் திருத்தினால் பழைய வரலாறு அறுந்துபோகும். கோப்புப் பெயர்கள் முழுவதும் சிற்றெழுத்தில் இருக்கட்டும். இம்போர்ட்டில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருந்தாலும் மேக் வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸில் ஓடும் பில்ட் ஒத்துக்கொள்வதில்லை.

மூன்று நான்கு திரைகளே உள்ள திட்டத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கோப்பு அமைப்பைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம் என்று ரியாக்ட்டின் பழைய ஆவணம் சொன்னது. அவர்களுக்கு வகைவாரிக் கோப்புறையே போதும். எங்களுக்கு இன்னும் தீராதது அறிவிப்பு மணி. ஆர்டர், ரிட்டர்ன், இருப்பு மூன்றிலிருந்தும் அதற்குத் தகவல் வேண்டும், எந்த அம்சத்துக்கும் அது சொந்தமில்லை. இப்போதைக்குப் பக்க அடுக்கில் இருக்கிறது.