தஞ்சாவூரில் இரண்டு நாள் ஹெச்ஆர் பயிற்சி: 5,664 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

'வளரும் சந்தைகளில் மனிதவளம்' என்ற தலைப்பில் தஞ்சாவூரில் ஒரு விடுதி அரங்கில் சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு. கட்டணம் 4,800, ஜிஎஸ்டி சேர்த்து 5,664 ரூபாய். நடத்தியவர்கள் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இந்த மாதிரி வகுப்புகள் இப்போது நிறைய நடக்கின்றன, எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு நவீன அரிசி ஆலையில் ஒன்பது வருஷமாக ஹெச்ஆர். மொத்தம் 140 பேர், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக பீகார், ஒடிசாக்காரர்கள்.

முதல் நாளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் நன்றாகப் பேசினார், நிறையப் படித்தவர். 'வளரும் சந்தை' (இந்தியா, பிரேசில் போலப் பொருளாதாரம் வளர்ந்துவரும் நாடுகள்) என்ற சொல்லை 1981-இல் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகத்தில் வேலை பார்த்த அன்டாய்ன் வான் அக்ட்மேல் உருவாக்கினார் என்று ஆரம்பித்து, நாடுகளின் பண்பாட்டை ஒப்பிடும் நெதர்லாந்து ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெடின் அளவுகோல்களுக்குப் போனார். மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண் உண்டு, இந்தியாவுக்கு 77, அதாவது அதிகம். சரி, 77. திங்கட்கிழமை காலையில் ஷிஃப்டுக்கு ஆள் வராதபோது அந்த 77-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் சாயங்காலம் வரை வரவில்லை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் பெரிய மென்பொருள் நிறுவனங்கள்தான். உட்கார்ந்திருந்த முப்பது பேரில் பாதிப்பேர் அரிசி ஆலை, தனியார் மருத்துவமனை, நகைக்கடை, ஜவுளிக்கடை ஆட்கள்.

இரண்டாம் நாள் வேறு மாதிரி.

வந்த ஐயா திருச்சிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் பணியாளர் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. ஒரு துணிப்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜைக்கு ஐந்தாகக் கொடுத்தார்: ஆதார் நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) படிவம், ஆலை வருகைப் பதிவேட்டின் ஒரு தாள். எல்லாம் பயிற்சிக்காக அவரே தயாரித்த மாதிரிகள். ஆதாரில் செல்வராஜ், பள்ளியில் கு. செல்வராசு, வங்கியில் செல்வராஜ் குமாரசாமி, பிஎஃப் படிவத்தில் செல்வராஜ் கே, பதிவேட்டில் வெறும் செல்வம். பிறந்த தேதியும் இரண்டு விதமாக இருந்தது. "இதுல எத்தனை பேர் இருக்காங்க, சொல்லுங்க" என்றார். எங்கள் மேஜையில் மூன்று என்றோம், பக்கத்து மேஜையில் இரண்டு என்றார்கள். ஒரே ஆள்தான்.

எனக்கு நெஞ்சில் பட்டது. எங்கள் ஆலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்த ஒருவர் மகள் கல்யாணத்துக்கு பிஎஃப் பணம் எடுக்க விண்ணப்பித்தார். தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்ற பிரச்சினையில் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பியது. அவரும் ஆலையும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்தி, பணம் வந்தபோது கல்யாணம் முடிந்து இரண்டு மாதம். நடுவில் அவர் வட்டிக்கு வாங்கித்தான் சமாளித்தார். அவர் சேர்ந்த அன்றே யாராவது ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இரண்டு காகிதத்தை ஒப்பிட்டிருந்தால் அந்த வட்டி அவருக்கு இல்லை. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் என்பதை எந்த மென்பொருளும் தானாகப் புரிந்துகொள்வதில்லை. அது தெரிந்திருக்க வேண்டியது ஹெச்ஆர் நாற்காலியில் இருக்கும் ஆளுக்குத்தான்.

அடுத்து சம்பளச் சீட்டு. மாதம் 14,000 ரூபாய், முழுவதும் பிஎஃப் கணக்கில் வரும் சம்பளம் என்று வைத்துக்கொண்டு, பிடித்தம் ஏன் என்று மூன்று நிமிஷத்தில், ஒரு ஆங்கிலச் சொல் கூட இல்லாமல் எதிரில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். ஐயா தொழிலாளியாக உட்கார்ந்துகொண்டார். பிஎஃப் 12 சதவீதம், 1,680. ஈஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 105. ஆக 1,785 போய் 12,215 கைக்கு வரும். நான் கணக்கைச் சரியாகத்தான் சொன்னேன். "அப்ப எம்பணத்துல 1,785 புடிச்சுக்கிறீங்க, அதானேம்மா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவரே சொல்லிக் காட்டினார்: "உன் பேர்ல நீ 1,680 போடுற, முதலாளியும் 1,680 போடுறாரு, அதுல ஒரு பங்கு உனக்குப் பிற்காலத்துல பென்ஷனா வரும். ஆஸ்பத்திரிக்கு நீ 105 கொடுத்தா அவரு 455 கொடுக்குறாரு." நான் முதலில் பிடித்தத்தைச் சொன்னேன். அவர் முதலில் முதலாளி போடுவதைச் சொன்னார். திங்கட்கிழமையே ஆலையில் இதைச் சொல்லிப் பார்த்தேன், பிஎஃப் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுங்கள் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் முதல்முறையாக, பாஸ்புக்கை போனில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டான்.

அந்த 77-க்கு விடையும் இங்கேதான் கிடைத்தது. 'பரவாயில்லை' என்ற சொல்லுக்கு ஐயா முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். நைட் ஷிஃப்ட் ஒத்துவருகிறதா என்று கேட்டால் "பரவால்லம்மா" என்பார்கள், பீகார் பையன்கள் "டீக் ஹை மேடம்" என்பார்கள், நாமும் சரி என்று எழுதிக்கொள்வோம், அடுத்த வாரம் ஆள் இருக்கமாட்டார். மேலே இருப்பவரிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று பழகியவர்கள், அதனால் ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியே கேட்கக்கூடாது என்றார். "ராத்திரி வேலை முடிஞ்சு எப்படி வீட்டுக்குப் போற? போய்ச் சேர எத்தனை மணி ஆகுது? காலையில புள்ளைய யாரு பள்ளிக்கூடத்துல விடுறா?" இப்படிக் கேட்டால் விஷயம் தானாக வரும். 'ஊருல கொஞ்சம் வேலை' என்று லீவு கேட்பதும் அப்படித்தான். அது அறுவடையாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், திருப்பூரில் ஒரு மேஸ்திரி நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்று கூப்பிட்டிருக்கலாம்.

மதியச் சாப்பாடு சுமார். காபி நன்றாக இருந்தது.

மதியத்துக்குப் பிறகு ஆளுக்கு ஒரு வெற்று நாள்காட்டி. உங்கள் நிறுவனத்தில் ஆள் குறையும் நாட்களை நிரப்புங்கள் என்றார். நாங்கள் அரசு விடுமுறைகளை எழுதினோம். அவர் எழுதச் சொன்னது: மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12, அதன் பிறகு நடவு. குறுவை அறுவடை தீபாவளியை ஒட்டி வரும். சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, நாகப்பட்டினம் பக்கத்து ஆட்களுக்கு அது முக்கியம். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை, பீகார்க்காரர்களுக்கு அதுதான் பெரிது, அதற்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே எடுக்க வேண்டும். அரிசி ஆலைக்கு நெல் குவிகிற நேரமும் ஆட்கள் கிளம்புகிற நேரமும் ஒன்றாக வருவதை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தாளில் எழுதிப் பார்த்ததில்லை.

தலைப்பில் இருந்த வெளிநாடும் இங்கே உருப்படியாக வந்தது. இந்தோனேசியாவில் மதப் பண்டிகைக்கு ஏழு நாள் முன்னதாக ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். பிலிப்பைன்ஸில் 1975 முதல் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உண்டு, டிசம்பர் 24-க்குள் கைக்கு வர வேண்டும். பிரேசிலில் அதையே இரண்டு தவணையாகத் தருகிறார்கள். வியட்நாம் தொழிற்சாலைகளில் டெட் புத்தாண்டுக்கு ஊர் போனவர்கள் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பது ஒவ்வொரு வருஷமும் கவலை. நம் தீபாவளி போனஸை முந்தின நாள் ராத்திரி வரை இழுத்துக் கொடுக்கிற முதலாளிகளிடம் போய்ப் பேச எனக்கு இந்த ஏழு நாள் கணக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. இந்த வருஷம் பத்து நாள் முன்னால் கொடுத்துவிடலாம் என்று எங்கள் முதலாளி ஒத்துக்கொண்டிருக்கிறார்.

தஞ்சாவூரில் 2024-இல் டைடல் நியோ பூங்கா திறந்த பிறகு ஐடி வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் இங்கே பெருகிவிட்டார்கள், வகுப்பில் நாலு பேர் இருந்தார்கள். பெண் பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்கு அப்பாவோ அண்ணனோ கூட்டிக்கொண்டு வருவதை எப்படிக் கையாள்வது என்று ஒருவர் கேட்டார். முதல் நாள் பயிற்சியாளர் அது முறையல்ல, வாசலோடு நிறுத்திவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். ஐயா சொன்னது: "உள்ளே கூப்பிட்டு உட்கார வைங்க, காபி கொடுங்க, பொண்ணு உட்காரப்போற இடத்தையும் பஸ் ஏறுற இடத்தையும் காட்டுங்க. தேர்வுல மட்டும் பொண்ணு தனியா உட்காரட்டும்." பாபநாசம், திருவையாறு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் வேலையில் நிலைப்பது பல சமயம் வீட்டிலிருப்பவர்களின் நிம்மதியில்தான் இருக்கிறது என்பது என் அனுபவமும்.

இனி குறைகள். கையேடு பழையது. 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் ஆட்களுக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உரிமை வந்துவிட்டது, கையேடு இன்னும் ஐந்து வருஷத்திலேயே நிற்கிறது. வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகை ஊதியக் கணக்கில் சேரும் என்பது எங்களைப் போன்ற ஆலைகளின் சம்பளக் கணக்கையே மாற்றுகிற விஷயம். கேட்டதற்கு மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்றார்கள், மூன்று வாரம் ஆகிறது, வரவில்லை. இந்தப் பணத்துக்கு இது பெரிய தவறு, யாராவது அந்தக் கையேட்டை நம்பிக் கணக்குப் போட்டால் தொழிலாளிக்குத்தான் நஷ்டம்.

அப்புறம், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் புகார்களுக்கு உள் குழு வேண்டும் என்ற 2013 சட்டத்துக்கு இரண்டு நாளில் பத்து நிமிஷம்கூட இல்லை. வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நகைக்கடையிலிருந்து வந்த ஒரு பெண் தன் கடையில் அப்படிக் குழுவே கிடையாது என்று தேநீர் இடைவேளையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதை அரங்கில் சொல்ல அவருக்கு ஒரு இடம் அமைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

புதிதாக எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) முடித்து வேலைக்கு வந்தவர்களுக்கு இரண்டாம் நாள் கட்டாயம் உதவும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்களுக்கும் உதவும், எனக்கு உதவியது. முதல் நாள் யாருக்கும் பெரிதாகப் பயன்படும் என்று தோன்றவில்லை. இரண்டாம் நாளுக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டலாமா என்று கேட்டேன், இல்லை என்றுவிட்டார்கள். அடுத்த வகுப்பு திருவாரூரில் என்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் இரண்டாம் நாள் யார் வருகிறார், கையேட்டில் புதிய சட்டத் தொகுப்புகள் இருக்கின்றனவா என்ற இரண்டையும் போன் செய்து கேளுங்கள். அதே ஐயா வருகிறார் என்றால் போங்கள். போகும்போது உங்கள் நிறுவனத்தின் சம்பளச் சீட்டு ஒன்றை நகலெடுத்துக் கையோடு கொண்டுபோங்கள், அவர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறார்.