இரண்டடிக் கன்றா, பத்தடி மரமா, போத்தா?

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று, எங்கள் வாசலில் நின்ற இயல்வாகை விழுந்தது. கிளை முறியவில்லை. நடுமரம் பிளக்கவில்லை. வேரோடு பெயர்ந்து கேட்டின் மேல் படுத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வெட்ட வந்தவர் அடித்தூரைப் புரட்டிக் காட்டினார். ஒரு குடம் அகலத்துக்கு வேர்கள் ஒன்றையொன்று சுற்றி, வைக்கோல் பிரி போல முறுக்கிக் கிடந்தன. “பையிலேயே சுத்திக்கிட்ட வேர் சார். மண்ணுக்கு வந்த பிறகும் அது பிரியவே இல்ல” என்றார்.

அது 2005இல் வீடு கட்டி முடித்த கையோடு நான் வாங்கி நட்ட மரம். வாங்கும்போதே எட்டடி. பதினொரு வருடம் நிழல் தந்தது, சித்திரை வைகாசியில் வாசல் முழுக்க மஞ்சள் பூ உதிர்த்தது. அத்தனை நாளும் ஒரு குடம் அளவு வேரின் மேல்தான் அது நின்றிருக்கிறது என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

அதே இடத்தில் மறுபடி என்ன வைப்பது? மரம் எது என்பதில் வீட்டில் சண்டை இல்லை. எங்கள் பக்கம் களிமண், மழையில் தண்ணீர் நிற்கும், அதனால் புங்கன் என்று முடிவாகிவிட்டது. எந்த வடிவில் வைப்பது என்பதில்தான் மூன்று யோசனை வந்தது. நர்சரியில் பையில் கிடைக்கும் இரண்டடிக் கன்று ஒன்று. அதே நர்சரியில் சாக்கு கட்டி நிறுத்தியிருக்கும் பத்தடி மரம் ஒன்று. மூன்றாவது, மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா காலம் காலமாகச் செய்துவரும் போத்து, அதாவது கிளைக் கொம்பை வெட்டி நேராக மண்ணில் ஊன்றுவது.

நான் இரண்டடிக் கன்றை வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் அதே ஆவணியில் பத்தடி புங்கன் இரண்டு வைத்தார். கொல்லைப்புறத்துக்கு அப்பா ஊரிலிருந்து பூவரசம் போத்து கொண்டுவந்து ஊன்றினார். ஆக, மூன்றையும் ஒரே தெருவில், ஒரே மண்ணில், 2017 ஆவணியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

விலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கன்று 25 ரூபாய், பத்தடி மரம் அப்போது 900 ரூபாய், போத்துக்குக் காசே இல்லை. நட்ட அன்றைய அழகில் பத்தடி மரத்துக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது.

போத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஆசை அதிகம். மணிக்கட்டுப் பருமனில் ஐந்தாறு அடிக் கொம்பாக வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, மேல் நுனி காயாமல் இருக்கச் சாணி உருண்டை அப்பி, ஒன்றரை முழம் குழியில் ஊன்றி மண்ணை நன்றாக மிதித்துவிட வேண்டும். மழைக்கு முன்னால் ஊன்றினால் ஐப்பசியில் துளிர்த்துவிடும். ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்திலேயே தழை வருவது இதில் பெரிய வசதி. பூவரசு, ஆல், அரசு, ஒதியன், கிளுவை, முருங்கை எல்லாம் இப்படி வரும். வேம்பையோ இலுப்பையையோ எங்கள் ஊரில் யாரும் போத்தாக வைத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் போத்துக்கு ஆணிவேர் கிடையாது. வெட்டிய இடத்தைச் சுற்றிப் பக்கவேர்கள்தான் விடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா அடித்தபோது எங்கள் ஊர் வேலியோரப் பூவரசுகளில் ஐந்து தாம்பாளம் மாதிரி வேர்த்தட்டோடு கவிழ்ந்தன. தென்னைகள் போன கதை ஊருக்கே தெரியும், அதற்கு முன்னால் பூவரசை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அப்பா மட்டும் கவிழ்ந்ததில் மூன்றைக் கிளை கழித்து, கயிறு கட்டி நிமிர்த்தி, மண் அணைத்தார். மூன்றும் பிழைத்தன. பூவரசுக்கு அந்த உயிர் உண்டு. வயல்வெளி வேலிக்கு, விழுந்தாலும் யார் மேலும் விழாத இடத்துக்கு, போத்தைவிட நல்ல வழி இல்லை. மின்கம்பியும் நிறுத்திய வண்டிகளும் இருக்கும் தெருவுக்கு எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எங்கள் வீட்டிலும் அதற்குக் கொல்லைப்புறம்.

இனி கன்றும் பத்தடி மரமும். இந்த இரண்டுக்கும் நடுவே தீர்மானிக்கிற விஷயம் ஒன்றே ஒன்று: வேர். இலை, உயரம், நிழல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

விதையிலிருந்து முளைக்கும் புங்கனோ வேம்போ முதலில் கீழே போகத்தான் பார்க்கும். மேலே நான்கு இலை விடுவதற்குள் ஆணிவேர் ஒரு சாண் இறங்கியிருக்கும். பையில் முளைத்த கன்றுக்கு அந்த ஒரு சாணில் பையின் அடி வந்துவிடும். போக வழியில்லாத வேர் வளைந்து பையைச் சுற்ற ஆரம்பிக்கும். ஆறு மாதக் கன்றில் அந்தச் சுற்று நூல் மாதிரி இருக்கும், விரலாலேயே பிரித்துவிடலாம். மூன்று வருடம் பைக்குப் பை மாற்றி வளர்த்த மரத்தில் அதே சுற்று விரல் கனத்துக்கு மரக்கட்டையாக இறுகியிருக்கும். பிறகு எவ்வளவு நல்ல குழியில் வைத்தாலும் அது நேராகாது. தண்டு பருக்கப் பருக்க அந்த வளையமே அதை நெரிக்கும்.

தரையில் வளர்த்துத் தோண்டி எடுத்துச் சாக்கு கட்டிய மரம் என்றால் சங்கடம் வேறு. மரத்தின் வேர் கிளைவிரிப்பையும் தாண்டி ஓடியிருக்கும். தோண்டுகிறவர் ஒரு பானை அளவு மண்ணோடுதான் எடுக்க முடியும். மீதி வேர் நர்சரி மண்ணிலேயே நின்றுவிடுகிறது. பத்தடி உயரத் தழைக்கு ஒரு பானை வேர் எப்படித் தண்ணீர் ஏற்றும்? எதிர்வீட்டு மரங்கள் நட்ட மூன்றாம் வாரம் இலையெல்லாம் கொட்டின. அவர் பயந்து தினமும் ஊற்றினார். மறுபடி துளிர்த்தன, பங்குனி வெயிலில் மறுபடி வாடின. ஒன்று அந்தக் கோடையில் பட்டுவிட்டது. பிழைத்த மரம் இரண்டு வருடம் ஒரு சாண்கூட உயரவில்லை. இழந்த வேரைத் திரும்பச் சம்பாதிக்கும் வரை அது மேலே வளராது. அதைக் குறை சொல்லவும் முடியாது.

என் கன்று அந்த இரண்டு வருடத்தில் என் தோளைத் தாண்டியது. நான்காம் வருடம் இரண்டும் ஒரே உயரம். இப்போது தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கள் வீட்டு மரத்தைத்தான் மூத்தது என்கிறார்கள்.

உயரம்கூட எனக்குப் பெரிதில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் மழையில் எங்கள் தெருவில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். களிமண் சேறாகிவிட்ட நிலையில் காற்றும் அடித்தது. புங்கன் ஆற்றங்கரை மரம், தண்ணீரில் நிற்பது அதற்குப் பழக்கம், அதனால் இரண்டுமே பிழைத்தன. ஆனால் எதிர்வீட்டு மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்றைக்கும் இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்துத்தான் நிற்கிறது. எங்கள் மரத்தின் அடியில் மண் விரியக்கூட இல்லை. நீங்களும் சோதித்துப் பார்க்கலாம்: மழை பெய்து மண் ஊறியிருக்கும்போது நடுமரத்தை மார்பு உயரத்தில் பிடித்து ஆட்டுங்கள். தண்டு வளைந்து, அடிமண் அசையாமல் இருந்தால் வேர் பிடித்திருக்கிறது. அடியைச் சுற்றி மண் வாய் பிளந்தால் அந்த மரம் இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

ஆணிவேர் ஒன்றே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. வளர்ந்த மரத்தைக் காற்றில் பிடித்து வைப்பதில் நாலாபக்கமும் ஓடும் பக்கவேருக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு மண் திறந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் சிமென்ட் போட வந்தபோது மரத்தைச் சுற்றி மூன்றடி விடச் சொல்லி நின்றேன். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை எடுத்துவிட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டிருந்ததைச் சொன்னதும் மேஸ்திரி ஒப்புக்கொண்டார். எதிர்வீட்டு மரத்தின் அடிவரை சிமென்ட் போட்டுவிட்டார்கள். அது சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் பத்தடி மரத்தின் மேல் போடுவது நியாயம் ஆகாது.

கன்று வாங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. நான் செய்ததைச் சொல்கிறேன். நர்சரியில் உயரமான கன்றைத் தேடவில்லை. பையின் அடியில் வேர் துளைத்து வெளியே வராத, தண்டு பென்சில் கனம் உள்ள இளங்கன்றாகப் பார்த்து எடுத்தேன். இரண்டடிக்கு இரண்டடி குழி தோண்டி ஒரு வாரம் வெயிலில் ஆறப்போட்டேன். நடும்போது பையைக் கிழித்து, அடியில் சுருண்டிருந்த நுனிவேரைக் கத்தியால் நறுக்கி, மண்கட்டியின் பக்கங்களில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டேன். பார்க்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் வெட்டிய இடத்திலிருந்துதான் புதுவேர் வெளியே ஓடும். தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்துக்கு மேலேயே இருந்தது. அதைப் புதைத்தால் பட்டை அழுகிவிடும். கரையானுக்கு இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. மேலே சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல்.

குச்சி கட்டுவதில் பலர் தவறு செய்கிறார்கள். தண்டோடு ஒட்டி, மேல்வரை இறுக்கிக் கட்டினால் மரம் நிற்கப் பழகாது. காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் அடித்தண்டு பருக்கும். இரண்டு பக்கம் இரண்டு குச்சி, நடுவே பழைய வேட்டித் துணி தளர்வாக, ஒரு வருடத்தில் எடுத்துவிட வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே மேயும். வாரம் இரண்டு முறை, இரண்டு குடம், நின்று நிதானமாக. இரண்டாவது கோடையோடு நிறுத்திவிட்டேன்.

கன்றின் பெரிய பலவீனம் முதல் மூன்று வருடம். ஆடு, மாடு, பந்து விளையாடும் பிள்ளைகள், திருப்பும் கார் என்று எல்லாமே அதற்கு ஆபத்து. எங்கள் கன்றை ஒரு முறை மாடு பாதிவரை கடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கூண்டு போட்டேன். கர்நாடகத்தில் ஹுலிக்கல், குடூர் ஊர்களுக்கு நடுவே சாலையோரம் 385 ஆலமரங்கள் வளர்த்த சாலுமரத திம்மக்காவுக்கு 2019இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரும் கணவரும் குடத்தில் தண்ணீர் சுமந்ததும், மாடு மேயாமல் கன்றுகளுக்கு முள் அடைத்ததும்தான் அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நட்டது ஒரு நாள் வேலை. அந்தக் காவல்தான் வருடக்கணக்கில் நடந்திருக்கிறது.

அப்படிக் காக்க ஆள் இல்லாத இடத்துக்குப் பத்தடி மரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பள்ளி மைதானம், பேருந்து நிற்கும் இடம், ராத்திரியில் மாடு சுற்றும் தெருமுனை போன்ற இடங்களில் கன்று பிழைப்பது கஷ்டம். அங்கே பெரிய மரம்தான் என்றால், மழை தொடங்கும் நேரத்தில், கிளையில் மூன்றில் ஒரு பங்கு கழித்து, வாங்கும் முன் சாக்கை அவிழ்த்து வேரைப் பார்த்து வாங்குங்கள். காட்ட மறுக்கிற இடத்தில் வாங்காதீர்கள். கிரேன் வைத்துப் பெரிய மண்கட்டியோடு பெயர்த்து நடுகிறார்களே, அதை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை, அதனால் நான் சொல்வது சாக்கு கட்டிய நர்சரி மரத்துக்கு மட்டும்தான். அதுவும் ஒரு தெருவின் நான்கைந்து மரங்களை வைத்துத்தான்.

இப்போது இன்னொன்றும் முயன்று பார்க்கிறேன். பையே இல்லாமல், விதையை நேராகக் குழியில் போடுவது. தெருக்கோடியில் ஒரு வேம்பு வைக்க இடம் கிடைத்தது. வேப்பங்கொட்டைக்கு இரண்டு மூன்று வாரம்தான் முளைப்பு உயிர் என்பதால், ஆனியில் பழம் உதிர்ந்த மறுநாளே சதையைக் கழுவி, ஒரே குழியில் மூன்று ஊன்றினேன். இரண்டு முளைத்திருக்கின்றன. சுற்றிச் செங்கல் அடுக்கி, மேலே கருவேல முள் வைத்திருக்கிறேன். ஆளுக்கு நான்கு இலை. ஐப்பசி மழை முடிந்ததும் தெம்பான ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும்.