படையைக் கூட்டுவதும் கழிப்பதும்: மூன்று போர் விளையாட்டுகள்

முறைவைத்து ஆடும் போர் விளையாட்டு எதுவானாலும் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான். புது யூனிட், அதாவது படைப்பிரிவு, எப்படி வருகிறது, இருப்பது எப்படிப் போகிறது? ஆட்டத்தின் சுபாவமே அதில் தெரிந்துவிடும்.

2001இல் வந்த அட்வான்ஸ் வார்ஸில் படை என்பது கடைச்சரக்கு. தொழிற்சாலை கையில் இருந்தால் காலாட்படை 1000, டாங்கி 7000. பிடித்து வைத்த ஒவ்வொரு நகரமும் முறைக்கு 1000 தரும். அதாவது, ஒரு நகரம் முறைக்கு ஒரு காலாட்படைக்குப் படியளக்கிறது. யூனிட்டுக்கு அனுபவம் சேர்வதில்லை. அதனால் ஒரு டாங்கி அழிந்தால் இழப்பு 7000, அவ்வளவுதான். இங்கே எனக்கு மிகவும் பிடித்தது இணைப்பு. பத்துக்கு ஆறு உயிர்ப்புள்ளியோடு நிற்கும் டாங்கியை, ஏழோடு நிற்கும் இன்னொன்றின் மேல் கொண்டுபோய் வைத்தால் முழு டாங்கி ஒன்று கிடைக்கும். மிஞ்சிய மூன்று புள்ளிக்கு 2100 கஜானாவுக்குத் திரும்பும். ஆனால் இரண்டு முறை சுட்டிருக்கக்கூடிய இடத்தில் இனி ஒரு முறைதான் சுடலாம். முன்னணியில் ஆள் குறைவாக இருக்கும்போது நான் இணைக்கவே மாட்டேன்.

சிவிலைசேஷன் 6இலும் இணைப்பு உண்டு, நோக்கம்தான் வேறு. ஆட்டத்தில் தேசியவாதம் என்ற வளர்ச்சிப் படியை எட்டிய பிறகு ஒரே வகை யூனிட் இரண்டைச் சேர்த்து வலுவான ஒன்றாக்கலாம். ஒரு கட்டத்தில் ஒரு போர் யூனிட்தான் நிற்கலாம் என்பதால் நெரிசலும் குறையும். பெரும்பாலான யூனிட்டுகளுக்கு முறைதோறும் பராமரிப்புச் செலவு இருக்கிறது. அப்புறம், நகரம் ஒரு படையை உருவாக்கப் பல முறைகள் ஆகும். அவசரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் தங்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

என் மனம் நிற்பது 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்'தில்தான். 2003இலிருந்து வளர்ந்துவரும் இலவச விளையாட்டு. தலைவன் கோட்டையின் நடுக்கட்டத்தில் நின்றால்தான் ஆள் எடுக்க முடியும். அவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டால் சேர்ப்பு நின்றுபோகும். புது ஈட்டிவீரனுக்கு 14 தங்கம். கதையின் முந்தைய அத்தியாயத்தில் பிழைத்தவனைத் திரும்ப அழைக்க வழக்கமாக 20, அவன் லெவல் 1 ஆனாலும் 3 ஆனாலும் அதே விலை. லெவல் ஏறாதவனை 20 கொடுத்து அழைப்பது பெரும்பாலும் நஷ்டம். லெவல் 3 வீரனோ அந்த விலைக்குக் கொள்ளை மலிவு, ஆனால் கிராமங்களின் ஆதரவு போதாவிட்டால் முறைக்கு 3 தங்கம் தின்பான். அழைக்காமல் பட்டியலில் விட்டால் செலவே இல்லை.

செத்தவன் மட்டும் அந்தப் பட்டியலுக்குத் திரும்ப மாட்டான். நான்கு அத்தியாயம் வளர்த்த வீரனை, ஒரு கிராமத்தைப் பிடிக்கும் ஆசையில் இரவில் ஓர்க்குகள் என்ற அரக்க இனத்துக்கு நடுவே அனுப்பி இழந்திருக்கிறேன். இருட்டில் அவர்கள் பலம் கூடும் என்பது தெரிந்தேதான் அனுப்பினேன். அந்த இழப்பை எந்தத் தங்கமும் ஈடுகட்டவில்லை.

நண்பரோடு ஒரே உட்காரலில் ஆடி முடிக்க அட்வான்ஸ் வார்ஸ் போதும். வாரக்கணக்கில் ஒரு படையோடு வாழ வேண்டுமென்றால் வெஸ்நோத். அதில் எல்ஃப் படை கிடைத்தால், சாகும் தறுவாயில் இருக்கும் எதிரி மீதான கடைசி அடியைச் சில முறை, காயம் ஆற்றும் ஷாமனுக்கு விட்டுக்கொடுங்கள்; அனுபவம் சேரும். அவள் லெவல் ஏறி ட்ரூயிட் ஆனதும் பக்கத்தில் நிற்பவர்களுக்கு முறைக்கு 4க்குப் பதில் 8 உயிர்ப்புள்ளி திரும்பும். புது ஆள் எடுக்கும் தேவையே பாதி குறைந்துவிடும்.