பவர் முகவரிடம் ஊரில் மனை வாங்கப் போகும் சிங்கப்பூர் நண்பர்களுக்கு: என் 62,000 வெள்ளி போன கதை

தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அலுவலகம் வைத்து, தமிழ்நாட்டு வீட்டுமனைகளை இங்குள்ளவர்களுக்கு விற்றுத்தரும் ஒரு நிறுவனத்தை நம்பி நான் 62,000 வெள்ளியை இழந்து நிற்கிறேன். வழக்கறிஞர் தடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை.

மனை திருச்சிக்கு வெளியே இருக்கிறது. அதன் உரிமையாளரான மூதாட்டி, விற்கும் அதிகாரத்தை அவ்வூர்க்காரர் ஒருவருக்கு (இவர்தான் பவர் முகவர்) பொது அதிகாரப் பத்திரமாக, அதாவது பவராக, எழுதிப் பதிவு செய்து கொடுத்திருந்தார். மூதாட்டியின் புகைப்படமும் கைரேகையும் சார்பதிவாளர் முத்திரையும் இருந்த அந்தப் பத்திரம் உண்மையானதுதான். இன்றுவரை யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லை.

முதலில் நிறுவனத்தார், முத்திரைத் தீர்வை மிச்சமாகும் என்று கூறி, கிரயப் பத்திரம் (விற்பனைப் பத்திரம்) இல்லாமல் என் பெயருக்கு ஒரு பவரும் விற்பனை ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் மறுத்தேன். அப்படி வாங்கினால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரத்தால் மட்டுமே மாறும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பளித்திருப்பதைச் சுட்டிக்காட்டினேன். மேலாளர் சிறிதும் வாதாடவில்லை. "சார் விவரம் தெரிந்தவர், உங்களுக்குக் கிரயமே செய்து தருகிறோம்" என்று அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார். உரிமையாளரின் சார்பில் பவர் முகவர் கிரயம் எழுதிக் கொடுப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கேட்டதற்கு இவ்வளவு எளிதாக இணங்குகிறவர்கள் ஏமாற்றமாட்டார்கள் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. அதை அவர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்று பதிவை முடித்தேன். பணம் முழுவதும் வங்கி வழியாகப் பவர் முகவரின் கணக்குக்குச் சென்றது. மூதாட்டி உயிருடன் இருக்கிறார் என்ற மருத்துவச் சான்றும் ஆவணத்துடன் இணைக்கப்பட்டது. பின்னர் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தபோது, அவருடைய பிள்ளைகள் இறப்புச் சான்றிதழுடன் வந்து ஆட்சேபித்தார்கள். அந்த அம்மாள் அதற்கு முந்தைய ஐப்பசியிலேயே காலமாகியிருக்கிறார்! உயிர்ச் சான்றில் உள்ள தேதி மார்கழி மாதத்தைச் சேர்ந்தது.

அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துவிடும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. முகவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, மூதாட்டிக்கு முன்பே பணம் கொடுத்துத்தான் அந்தப் பவரை வாங்கியதாகவும், அதனால் 202ஆம் பிரிவின்படி அவர் இறந்தாலும் அது செல்லும் என்றும் சட்டம் பேசினார். பத்திரத்திலோ பணம் பெற்றதாக ஒரு வரிகூட இல்லை. மரணத்தை அறியாமல் வாங்கிய எனக்கு 208ஆம் பிரிவு ஓரளவு துணை நிற்கலாம் என்று என் வழக்கறிஞர் கருதுகிறார். ஆனால் அதை நிலைநாட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும்.

இங்குள்ள நிறுவனத்தின் பதில்களைப் படித்தால் உங்களுக்கும் இரத்தம் கொதிக்கும். "நாங்கள் அறிமுகம் செய்து வைத்தவர்கள் மட்டுமே" என்றார்கள். பிறகு திருச்சிக் கிளையைக் கேட்கச் சொன்னார்கள். திருச்சியில் கேட்டால் சிங்கப்பூரில் பேசுங்கள் என்கிறார்கள். மேலாளர் வெளியூர் போயிருக்கிறார், தீபாவளி கழியட்டும் என்று நாளைக் கடத்தினார்கள். கடைசியில், மேலும் 15,000 வெள்ளி கட்டினால் வேறொரு மனையை மாற்றித் தருவதாகக் கூசாமல் சொன்னார்கள். அந்த மனைக்கும் பவர்தான்! சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால், அதன் உச்சவரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. நான் இழந்தது 62,000.

வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பவர் கொடுத்தவரைப் பதிவுக்கு முதல்நாளாவது நேரிலோ காணொளி அழைப்பிலோ பார்த்துப் பேசுங்கள், அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். பணத்தை உரிமையாளரின் கணக்கிலேயே போடுங்கள், முகவருடைய கணக்கில் வேண்டாம். சொத்தின் பதிவு விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்து, பவர் இரத்தாகியிருக்கிறதா என்று பாருங்கள். மரணம் அதில் தெரியாது என்பதையும் மறவாதீர்கள். வெளிநாட்டுச் சொத்தை இங்கே விற்றுத்தரும் முகவரின் பெயர் சொத்து முகவர்களுக்கான மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு எழுத இப்போது பொறுமை இல்லை.

இதே வகையில் தேக்காவில் பணம் கட்டியவர்கள் இருந்தால், உங்கள் கிரயப் பத்திர எண்ணையும் பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்தையும் குறிப்பிட்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். வழக்கறிஞர் இந்த வாரமே அறிவிப்பு அனுப்புகிறார்.