பனியன் துணியில் ஏழு பரிசுக்காரர்கள்

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டுத் திண்ணையிலேயே ஓவர்லாக் மிஷின் போட்டு ஒரு தங்கச்சி துணி பொம்மை தைக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. போன டிசம்பரில் எங்கள் பங்குக் கோயிலில் நான் நடத்தும் மறைக்கல்வி (வேதபாட) வகுப்புக்காக அவரிடம் ஏழு பொம்மை வாங்கினேன். செட் 1,400 ரூபாய். ஆளுக்கு ஒரு சாண் உயரம், எல்லாம் கட்டிங் வேஸ்டில், அதாவது பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியில் தைத்தது. ஐரோப்பாவில் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவதாகச் சொல்லப்படுபவர்கள் இவர்கள். சிவப்புச் சட்டைத் தாத்தாவை மட்டுமே தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொருளை நான் இதுவரை வாங்கியதில்லை.

முதலில் புனித நிக்கலஸ். 4-ஆம் நூற்றாண்டில், இன்று துருக்கியில் உள்ள மீராவில் ஆயராக (பிஷப்பாக) இருந்தவர். கையில் மூன்று மஞ்சள் உருண்டைகள். சீர் செய்ய வழியில்லாத ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக, ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் பொன்முடிப்பு போட்டார் என்பது கதை. 'சீர்' என்றதுமே வகுப்பு அமைதியாகிவிட்டது. இங்கே அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் 6 அவர் திருநாள். நெதர்லாந்துக்காரர்கள் அவரை சின்டர்கிளாஸ் என்றார்கள். அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் சாண்டா கிளாஸ் ஆனது. ஏழாவது பொம்மையான சாண்டாவை இவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், உறவு புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியின் பெஃபானா கிழவி. சாம்பல் நிற ஃபிளீஸில் முக்காடு. கையிலிருக்கும் சீமாறு நிஜத் தென்னை ஈர்க்கு, விரல் நீளத்துக்கு நறுக்கி நூலால் இறுக்கிக் கட்டியது. முதுகு மூட்டையை அவிழ்த்தால் உள்ளே அடுப்புக்கரி இரண்டு துண்டு, சேட்டைப் பிள்ளைகளுக்கு! குழந்தை இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்கள் கூப்பிட்டபோது, வீடு கூட்டும் வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டாளாம். பிறகு மனசு கேட்காமல் கிளம்பியவள், இன்றும் வீடு வீடாகத் தேடிப் போய்ப் பரிசு வைக்கிறாள். பொம்மையோடு வந்த அட்டையில் 'டிசம்பர் 24 இரவு' என்று அச்சாகியிருந்தது. அது தப்பு, அவள் வருவது ஜனவரி 5 இரவு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின ராத்திரி. போன் செய்து சொன்னேன். "ஏனுங்க டீச்சர், நல்லவேளை சொன்னீங்க, மாத்திப்போடறனுங்க" என்றவர், மூன்றாம் நாளே புது அட்டை அனுப்பினார்.

சுவீடனின் டொம்தே, தோட்டத்தையும் மாடுகன்றையும் காவல் காக்கும் குள்ளத் தாத்தா. கிறிஸ்துமஸ் ராத்திரி அவருக்குக் கஞ்சி வைத்து, மேலே ஒரு துண்டு வெண்ணெய் போட வேண்டும். மறந்தால் கோபம் வந்துவிடும். தோட்டத்துச் சாளையிலிருந்து வரும் ஒரு பையன் உடனே, "அப்ப அவருக்கும் பட்டிப்பொங்கல் வெக்கோணுங்களா டீச்சர்?" என்றான். அந்தக் கேள்விக்காகவே கொடுத்த காசு தகும்.

ஆஸ்திரிய மலைப்பக்கத்து கிராம்பஸ், கொம்பும் சிவப்பு நாக்குமாக, டிசம்பர் 5 இரவு நிக்கலஸுடன் வருபவன். சங்கிலிக்குப் பழைய ஜிப்பை வெட்டி வைத்திருக்கிறார், அசல் போலவே இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே காட்டாதீர்கள், ஒரு குழந்தை அழுதேவிட்டது.

ஜெர்மனியின் கிறிஸ்ட்கிண்ட், பொன்முடியும் சிறகுமாக வரும் குழந்தை இயேசு. 16-ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த மார்ட்டின் லூதரின் வழி வந்தவர்கள், பரிசு தருவது புனிதரல்ல, கிறிஸ்துவே என்று சொல்லிப் பரப்பிய உருவம். இந்தப் பொம்மையில்தான் எனக்குக் குறை. சிறகை சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணியில், ஒற்றை மடிப்பாக வெட்டியதால் ஓரம் சுருண்டுகொள்கிறது. இன்டர்லாக் என்கிற, ஓரம் சுருளாத தடித்த பின்னல் துணியாக இருந்தால் நிற்கும். நிக்கலஸின் கோலையும் பசையால்தான் ஒட்டியிருக்கிறார். இரண்டாம் வாரமே கழன்றது, நான் நூல் போட்டுத் தைத்துக்கொண்டேன்.

ஐஸ்லாந்தில் பதின்மூன்று சகோதரர்கள், டிசம்பர் 12 முதல் நாளுக்கு ஒருவராக வருவார்கள். ஜன்னலில் வைத்த ஷூவில் பரிசு, குறும்பு செய்திருந்தால் உருளைக்கிழங்கு. செட்டில் இருப்பது நாலாவது ஆள் கரண்டி நக்கி மட்டும். கையில் மரக்கரண்டி, ஒல்லி உடம்பு, அருமையான தையல். மீதிப் பேர் எங்கே என்று பிள்ளைகள் விடவில்லை.

வாங்குபவர்கள் ஐப்பசியிலேயே சொல்லிவிடுங்கள், ஒரு செட்டுக்குப் பத்து நாள் ஆகிறது. இந்த வருஷம் எனக்கு அந்த ஐஸ்லாந்து சகோதரர்களில் பானை சுரண்டியும் கிண்ணம் நக்கியும் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பச்சை ரிப் துணி நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.